எங்க அமத்துறது?

திலகேஸ்வரியின் தையல்கடைக்கு
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
மருந்துக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில்
ஒடுங்கி ஏறும் இருபத்திரண்டு படி.
படி முடிந்தால் கடை. வேறெதுவும் இல்லை.
வழிதவறவே முடியாத அந்தக் கடைக்கு
வழிதவறும் இணையத்தளம் ஒன்றைச்
செய்துகொடுத்தவன் நான்.

முதல் வரைவில் பதினொரு தலைப்பு.
முகப்பு. எம்மைப் பற்றி. எமது நோக்கு.
எமது பணிக்கூற்று, அதை எழுத மட்டும்
ஒரு ராத்திரியும் மூன்று பிளேன்டியும் போனது.
சேவைகளைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கும்,
அதைத் தொட்டால் பக்கவாட்டில் இன்னொன்று.
என் லெப்டொப்பில்
எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

டிசம்பர் கடைசி. வெளியே மழை,
கடைக்குள் வெள்ளைத்துணி மலைமலையாய்.
இரண்டு பிள்ளைகளுக்கும் அளவு கொடுத்துவிட்டு
மழை விடக் காத்திருந்தாள் அமராவதி.
என் வயதுதான் இருக்கும்.
"உங்க போன்லயே விலை பாருங்களேன்" என்றேன்,
ஒன்றும் சொல்லித்தரக் கூடாதென்று
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மூலையில் வெடித்த கண்ணாடி.
சிக்னல் ஒரு கோடு, சிலசமயம் அதுவும் இல்லை.
முதலில் கடையின் பேரை அமத்தினாள்.
பிறகு தையல் மெஷின் படத்தை.
அது வெறும் படம்.
இன்னொரு தரம் அமத்தினாள், கொஞ்சம் பலமாக.

"சேவைகள்னா என்னா?
கிராம சேவகர்கிட்ட கடிதம் எடுக்கணுமா?"

திலகேஸ்வரி ஊசியை வாயில் கவ்வியபடி சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பட்டியல் இறங்கியது, பெருவிரல் நகர்ந்தது,
பட்டியல் ஓடி ஒளிந்தது.
"எங்க அமத்துறது?" என்றாள்,
என்னிடம் இல்லை, போனிடம்.

பிறகு தானாகவே பொரிந்தாள்:
"எங்க தோட்டம் மாதிரியே இருக்கு.
போர்டுல ஸ்ட்ராத்கெல்டின்னு போட்டிருப்பானுங்க.
யாரு சொல்றா அப்புடி?
சவுக்குத்தோட்டம்னு சொன்னாத்தானே
பஸ்காரன் இறக்கிவிடுறான்."

அன்றிரவு வெட்டினேன்.
நோக்கு போனது. பணிக்கூற்றும் போனது,
பிளேன்டிக்காகக் கொஞ்சம் வருத்தத்தோடு.
மிஞ்சியது நாலு:
ஸ்கூல் உடுப்பு.
சட்டை, ஜாக்கெட்.
விலை.
கோல் எடுங்க.
ஒவ்வொன்றும் ஒரு பெருவிரல் அகலம்,
இறங்குவதும் இல்லை, ஒளிவதும் இல்லை.

மறுவாரம் தைத்ததை எடுக்க வந்தவள்
விலையை ஒரே தொடலில் பிடித்தாள்.
ஓடர் வரைக்கும் போனாள்.
அங்கே நின்றாள்.

வீட்டிலக்கம். வீதி. நகரம்.
பக்கத்தில் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
"வீதியா?" என்றாள்.
ஏதோ எழுதினாள். கீழே சிவப்பில் வந்தது:
சரியான முகவரியை உள்ளிடவும்.

பதினேழு வயதுவரை
என் முகவரியும் துரை ஆபீஸ்தான்.
கெம்பஸ் கடிதம் அங்கே மேசையில்
ஒன்பது நாள் கிடந்துவிட்டு
கொழுந்துச் சாக்கோடு லொறியில் வந்தது.
அந்த நான்தான்
எங்கிருந்தோ ஒரு படிவத்தைப் பிரதிபண்ணி,
லயத்தில் இல்லாத வீதிக்கு
நட்சத்திரம் வைத்திருக்கிறேன்.

அவள் முன்னாலேயே மாற்றினேன்.
எந்தத் தோட்டம்?
எந்தப் பிரிவு?
எத்தனையாவது லயம்?
கடைசியாய் ஒரு நீளப்பெட்டி:
வந்து யார்கிட்ட கேட்கணும்?
நட்சத்திரம் எதற்கும் இல்லை.

திலகேஸ்வரிக்கு இன்னும் மனக்குறை.
மேலே இருந்த ஊதா ரிப்பன் எங்கே என்கிறாள்.
எல்லோரும் நாலாவது பட்டனையே அமத்துகிறார்கள்,
ராத்திரி பத்துமணிக்கும் கோல் வருகிறதாம்.
அதற்கு இன்னும் யோசிக்கவில்லை.

ஆனால் நீளப்பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறேன்.
நேற்று வந்தது ஒன்று,
முற்றுப்புள்ளி இல்லாமல்:

சவுக்குத்தோட்டம் மேப்பிரிவு மூணாவது லயம்
பீலிக்கிட்ட நின்னு அமரான்னு கூப்புடுங்க
நாய் கடிக்காது